முப்பது தடவை ஏறும் ஆரோகணம்

போன பங்குனியில் தேவிபட்டினம் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம். சித்தப்பா அதில் ஆர்மோனியம். ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்து, வேலனும் வள்ளியும் தர்க்கத்தை முடித்து மாலை மாற்றும்போது கிழக்கே கடல் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே என் போனில் ஒரு ஓபராவின் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். காந்தி வேஷக்காரர் தனியாக நின்று பாடுகிறார். ஒரே ஒரு ஸ்வர வரிசை. கீழிருந்து மேலே போகிறார், நிறுத்துகிறார், மறுபடி கீழிருந்து மேலே. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ நிமிர்ந்து, "ஏப்பா, இது தோடி ராக ஏத்தம்ல? எறங்கவே மாட்டேங்கிறாரு?" என்றார்.

சரியான இடத்தில்தான் கை வைத்தார். அந்தப் பாட்டில் பாடகருக்கு இறக்கமே கிடையாது. எட்டு ஸ்வரம், ஆரோகணம் மட்டும், முப்பது தடவை. எழுதியவர் பிலிப் கிளாஸ், 1937-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். ஓபராவின் பெயர் 'சத்யாக்ரஹா'. இந்த மனிதர் அந்த முப்பது ஆரோகணத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்தப் பாதையில் நம் தாளக் கணக்கும் இருக்கிறது, கப்பலேறிப் போன நம் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் இதை நம் கரையிலிருந்து சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஓபரா என்றால் என்ன என்று இங்கே விளக்குவது கஷ்டமில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ராத்திரி முழுக்கப் பாட்டிலேயே கதை நடப்பது புதிதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த அடியை எவ்வளவு நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதைப் பாடுகிறவரின் முகத்தைப் பார்த்து ஆர்மோனியக்காரர் அங்கேயே முடிவு செய்வார். மிருதங்கமும் ஆல்ரவுண்ட் என்கிற பக்கத் தாள வாத்தியமும் அதைப் பிடித்துக்கொண்டு போகும். ஓபராவில் அந்த வேலை முழுக்கத் தாளில் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. எழுபது எண்பது பேர் வாசிக்கப்போகும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். கதையும் வரிகளும் வேறொருவர் எழுதியதாக இருந்தாலும் ஓபரா இசையமைப்பாளரின் பெயரில்தான் நிற்கும். நம் நாடகத்தில் எழுதிய வாத்தியார் பெயர் நிற்கிறது, மெட்டுப் போட்டவர் பெயர் நிற்பதில்லை. அங்கே தலைகீழ்.

இப்படி அத்தனை பேருக்கும் எழுதுகிறவர் எப்படிப் பிழைக்கிறார்? ஒரு காலத்தில் நம் ஊரில் அதற்கு சமஸ்தானம் இருந்தது. பூச்சி சீனிவாச ஐயங்கார் போன்ற ஒருவர் கீர்த்தனை எழுதவும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற சிஷ்யரை உருவாக்கவும் ராமநாதபுரம் அரண்மனை ஆதரவு தந்தது. மேற்கில் இன்று அந்த இடத்தில் இருப்பது கமிஷன். நம் கரையில் கமிஷன் என்றால் மீன் ஏலத்தில் ஏலக்காரர் எடுத்துக்கொள்வது. அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். ஒரு ஓபரா நிலையம், இன்னும் எழுதப்படாத ஒரு வேலைக்கு, முன்பணம் கொடுத்து ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பது. கிளாஸுக்கு முதல் பெரிய ஓபரா கமிஷன் வரும்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை என்ன செய்தார் என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி.

அவர் அப்பா ரேடியோ ரிப்பேரும் ரெக்கார்டு விற்பனையும் சேர்ந்த ஒரு கடை வைத்திருந்தார். விற்காமல் தேங்கிய ரெக்கார்டுகளை, இவற்றை ஏன் யாரும் வாங்குவதில்லை என்று தெரிந்துகொள்வதற்காகவே வீட்டுக்கு எடுத்துவந்து போட்டுக் கேட்பார். கேட்கக் கேட்க அந்த விலைபோகாத இசைமேலேயே அவருக்குப் பிரியம் வந்துவிட்டது. மகன் வளர்ந்தது அந்தச் சத்தத்தில். பதினைந்து வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் தத்துவமும் படித்தார். இரும்பு ஆலையில் வேலை பார்த்துச் சேர்த்த காசோடு நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளிக்குப் போனார். அங்கே பட்டம் வாங்கியும் போதவில்லை என்று 1964-ல் பாரிசில் நாடியா பூலாஞ்சே என்ற கண்டிப்பான ஆசிரியையிடம் சேர்ந்தார். அந்த அம்மையார் இவரை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைத்தார். கச்சேரி செய்து பழகியவரை மறுபடி சரளி வரிசையில் உட்கார வைத்த மாதிரி.

பாரிசில்தான் திருப்பம். ஒரு சினிமாவுக்குப் பண்டிட் ரவிசங்கர் இசையமைத்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்கள் பிரெஞ்சு வாத்தியக்காரர்கள், தாளில் எழுதியிருந்தால்தான் வாசிப்பார்கள். ரவிசங்கர் வாசித்துக் காட்ட, அதை மேற்கத்திய முறையில் எழுதித் தரும் வேலை கிளாஸுக்கு. எழுதினார். வாசித்தார்கள். தபலா மேதை அல்லா ரக்கா உடனே தலையசைத்துவிட்டார்: அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது, எல்லா ஸ்வரமும் சமம். கிளாஸ் மாற்றி எழுதினார். மறுபடியும் தப்பு. மேற்கத்திய தாளில் நாலு நாலு அடியாகச் செங்குத்துக் கோடு போட்டுப் பிரிப்பார்கள். கோட்டுக்கு அடுத்த முதல் அடியில் தன்னால் ஒரு அழுத்தம் வந்து உட்காரும். கோட்டை எங்கே நகர்த்தினாலும் அந்த அழுத்தமும் கூடவே நகர்ந்தது. கடைசியில் வெறுத்துப்போய் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டார். அழித்துவிட்டுப் பார்த்தால் தாளில் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து சேர்ந்து ஓடும் ஒரு நீளமான வரிசை இருந்தது.

அந்த அழித்த தாள்தான் அவருடைய மொத்த வாழ்க்கைக்கும் முதலீடு என்று நான் நினைக்கிறேன். மேற்கில் காலத்தை ஒரு முழு ரொட்டி மாதிரி எடுத்துக்கொண்டு துண்டு போடுகிறார்கள், இந்தியாவில் சின்னத் துண்டுகளைக் கோத்து நீளமாக்குகிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். நம் வித்வான்கள் இதைக் கேட்டால் பாதிதான் சரி என்பார்கள். ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி பிறந்த மண்ணில் மிருதங்கம் பழகிய எந்தப் பையனுக்கும் தெரியும்: தகிட, தகதிமி என்று கோத்துக்கொண்டே போவது நிஜம். ஆனால் அது ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் சுற்றுக்குள், அடங்க வேண்டும். எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்குகிற இடமான எடுப்புக்கு வந்து விழ வேண்டும். கிளாஸ் கோப்பதை எடுத்துக்கொண்டார், எடுப்பை விட்டுவிட்டார்.

இது புரிந்தால் அவர் இசை முக்கால்வாசி புரிந்துவிடும். ஒரு சின்ன வரிசை, ஐந்து ஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சில தடவை வாசிக்கிறார்கள். அப்புறம் ஒரு ஸ்வரம் கூடுகிறது, ஆறாகச் சில தடவை. அப்புறம் ஏழு. அப்புறம் குறைகிறது. 'தகிட' என்று ஆரம்பித்து 'தகிட தக' ஆகி, 'தகிட தக தகிட' ஆகி வளர்வதை நினைத்துக்கொள்ளலாம். நம்மிடம் இதற்குப் பெயரே இருக்கிறது. ஆறு கடலை நோக்கி அகலமாவது போல வளர்ந்தால் ஸ்ரோதோவஹ யதி, பசுவின் வால் போலக் குறைந்தால் கோபுச்ச யதி. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் அரை நிமிடத்தில் காட்டிவிட்டுப் போவதை கிளாஸ் அரை மணி நேரம் விரித்தார். நம் காது 'முடியவே மாட்டேங்குதே' என்று தவிப்பதற்குக் காரணம், நாம் எடுப்புக்காகக் காத்திருப்பது. அது வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு கேட்டால் வேறு ஒன்று காதில் விழ ஆரம்பிக்கும். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏலேலோ அதே ஏலேலோதான், ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் கயிறு கொஞ்சம் கரையேறியிருக்கும். மடி தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்பதைக் கைதான் சொல்லும்.

1967-ல் நியூயார்க் திரும்பினார். வரும் வழியில் இந்தியாவைச் சுற்றினார். கலிம்போங்கில் காந்தியின் உப்பு யாத்திரைப் படச்சுருளை ஒரு பழைய செய்திப்படத்தில் பார்த்தது மனதில் தங்கிவிட்டது. ஊரில் இவர் இசைக்கு மரியாதை கிடைக்கவில்லை. கச்சேரி மண்டபங்கள் கூப்பிடவில்லை. ஓவியர்களின் பெரிய அறைகளிலும் காட்சிக்கூடங்களிலும் வாசித்தார். 1968-ல் தன் பெயரிலேயே ஒரு குழு சேர்த்தார்: மின்சார ஆர்கன்கள், சாக்ஸபோன், புல்லாங்குழல், எல்லாவற்றுக்கும் மைக். தன் இசைத் தாள்களை வெளியே யாருக்கும் கொடுக்கவில்லை என்பது அவர் எடுத்த கெட்டிக்கார முடிவு. இந்த இசை வேண்டுமென்றால் இந்தக் குழுவைத்தான் கூப்பிட வேண்டும். உரிமையையும் கையைவிட்டுப் போகவிடவில்லை. நல்ல படைப்பாளிகள் எத்தனை பேர் எழுதிய மறுநாளே உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள் என்று பார்க்கிறபோது, இசைக்கு ஈடாக இதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சோற்றுக்கு வேறு வேலைகள். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கினார். குழாய் வேலை கற்றுக்கொண்டு பிளம்பர் ஆனார். டாக்சி ஓட்டினார். எங்கள் பக்க நாடகக் கலைஞர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. சீசன் இல்லாத மாதங்களில் ராஜபார்ட் கொத்தனார் வேலைக்குப் போவதும், மிருதங்கக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுவதும் இங்கே நடப்பதுதான்.

1976 ஜூலையில் பிரான்சின் அவின்யோன் விழாவில் இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' அரங்கேறியது. சுமார் ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது. பார்க்கிறவர்கள் எழுந்து வெளியே போய் வரலாம். (நம் ஆட்கள் நாடகத்துக்குப் பாயும் தலையணையும் கொண்டுபோய், நடுவில் தூங்கி எழுந்து, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வதை நினைத்துக்கொண்டேன்.) கதை என்று ஒன்று இல்லை. கோரஸ் பாடுவதில் பெரும்பகுதி எண்களும் டோ-ரே-மி ஸ்வரப் பெயர்களும். ஒத்திகையில் கணக்கை மனதில் நிறுத்துவதற்காகப் பாடிய எண்களை அப்படியே பாட்டாக விட்டுவிட்டார். சொல்கட்டையே சாகித்யமாக விட்டது போல. அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் இரண்டு ராத்திரி நடந்தது. அந்த நிலையம் அழைத்து நடத்தியது அல்ல, அரங்கு காலியாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்தது. இரண்டு ராத்திரியும் டிக்கெட் தீர்ந்தது. ஆனாலும் கடன் மிஞ்சியது. கிளாஸ் டாக்சிக்குத் திரும்பினார். அந்த நாட்களில் ஏறிய ஒரு பெண்மணி, வண்டியில் ஒட்டியிருந்த ஓட்டுநர் பெயரைப் படித்துவிட்டு, "தம்பி, உனக்கு ஒரு பிரபல இசையமைப்பாளர் பேர் இருக்கு, தெரியுமா?" என்று கேட்டாராம். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

டாக்சியிலிருந்து அவரை இறக்கியது நெதர்லாந்திலிருந்து வந்த கமிஷன். 1980 செப்டம்பரில் ராட்டர்டாமில் 'சத்யாக்ரஹா' அரங்கேறியது. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த வருஷங்கள்தான் பொருள். தால்ஸ்தாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் மூவரும் அங்கம் ஒன்றுக்கு ஒருவராகச் சாட்சி போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடுவது முழுக்க சமஸ்கிருதம். பகவத் கீதையிலிருந்து கான்ஸ்டன்ஸ் டிஜாங் எடுத்துத் தொகுத்த வரிகள். கேட்பவர்களுக்குப் புரியாது என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். அர்த்தம் மேடையில் நடப்பதில் தெரியட்டும், பாட்டு தனியாக நிற்கட்டும் என்று எண்ணம். வாத்தியத்தில் கம்பி வாத்தியங்களும் மரக்குழல் வாத்தியங்களும் ஆர்கனும் மட்டும். பித்தளை ஊது வாத்தியம் இல்லை, தாள வாத்தியமும் இல்லை. தபலாவிடமிருந்து கணக்கு படித்தவர் ஒரு தட்டுகூட இல்லாமல் ஓபரா எழுதியிருக்கிறார். கணக்கு அத்தனையும் வயலின்களின் விரல்களுக்குள் போய்விட்டது.

இங்கேதான் இந்த ஓபரா நம்முடையதும் ஆகிறது. கடைசி அங்கத்தின் பொருள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1913 நவம்பரில் நடந்த நியூகாஸில் நடைப்பயணம். கூலி ஒப்பந்தம் முடிந்தும் நாட்டில் தங்குகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களிடம் பேசி வெளியே வரவைத்தவர்களில் முன் நின்றவர்கள் காந்தி அங்கே நடத்திய தால்ஸ்தாய் பண்ணையிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். எல்லையைக் கடக்க நடந்தவர்களின் கணக்கைக் காந்தியே எழுதி வைத்திருக்கிறார்: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். 1860-லிருந்து நேட்டாலுக்குக் கூலிக் கப்பலில் போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னையில் ஏறியவர்கள்.

நம் கரைக்கு இந்த வரலாறு புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்தி, உடம்பைச் சோதித்து, நாள் கணக்கில் அடைத்து வைத்து அனுப்பிய இடம் மண்டபம். மண்டபம் கேம்ப் என்று ரயில்வே ஸ்டேஷனுக்கே பெயர். நியூகாஸிலில் நடந்தவர்களும் மண்டபத்தில் வரிசையில் நின்றவர்களும் ஒரே வறட்சியிலிருந்து கிளம்பியவர்கள்தான், கப்பல்தான் வேறு. சிறையில் நோயுற்று வெளியே வந்து தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது பதினாறு வயது. இரண்டு நாள் கழித்து இங்கே பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள்.

இந்த ஓபராமேல் எனக்கு உள்ள மனக்குறையும் இதில்தான். வள்ளியம்மை அதில் இல்லை. மிஸஸ் நாயுடு என்று ஒரு பாத்திரம் இருக்கிறது, நடந்த மற்ற தொழிலாளர்கள் எல்லாம் கோரஸ். அவர்கள் நடக்கும்போது பேசியிருக்கக்கூடிய தமிழில் ஒரு சொல்கூட ஓபராவில் கிடையாது. கீதையை வைத்ததில் நியாயம் இருக்கிறது, காந்திக்கு அது தினசரிப் புத்தகம். ஆனால் அந்த 127 பெண்களில் எத்தனை பேருக்கு அந்த சமஸ்கிருதம் நியூயார்க் ரசிகருக்குப் புரிந்ததைவிட அதிகம் புரிந்திருக்கும்? அதே சமயம், ஓபராவில் மிகக் கடினமான வேலை கோரஸுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீளமான, மூச்சு வாங்கவிடாத, எண்ணிக்கை தப்பினால் மொத்தமும் சரிந்துவிடும் பாட்டு. காந்தி பல இடங்களில் சும்மா நிற்க, பாரத்தைத் தூக்குகிறவர்கள் அவர்கள். பெயர் இல்லாவிட்டாலும் அந்த இடம் கொடுத்திருக்கிறார்.

பல புது ஓபராக்கள் முதல் அரங்கேற்றத்தோடு நின்றுவிடும். அரங்கேற்றத்துக்குக் காசு கிடைக்கும், இரண்டாவது தடவை நடத்த ஆள் கிடைக்காது. இது பிழைத்தது. லண்டனில் 2007-ல் புதிதாக மேடையேறி, 2008-ல் மெட்ரோபாலிட்டனுக்கு வந்தது, 2011-ல் திரும்பவும் வந்தது. அந்த டிசம்பர் 1-ம் தேதி கடைசிக் காட்சி முடிந்த ராத்திரி, அரங்குக்கு வெளியே பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியவர்கள் கூடியிருந்தார்கள். போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. எழுபத்து நாலு வயது கிளாஸ் அந்தக் கூட்டத்தில் போய் நின்று, ஓபராவின் கடைசி வரிகளைச் சொன்னார்: தர்மம் தளரும்போதெல்லாம் நான் வருகிறேன் என்ற கீதை வரிகள். மைக் கிடையாது. அவர் ஒரு வரி சொல்ல, சுற்றி நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல, பின்னால் நின்றவர்களுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. சின்ன வரி, திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984-ல் ஸ்டுட்கார்ட்டில் எகிப்திய மன்னன் அகனாட்டன் பற்றிய ஓபரா. அரங்கு சிறிது என்பதால் வயலின்களே இல்லாமல் எழுதினார், இருட்டான அந்தத் தொனி கதைக்கு அப்படிப் பொருந்திவிட்டது. ஒரு காலத்தில் வாடகைக்கு எடுத்த அதே மெட்ரோபாலிட்டன் தானே கமிஷன் கொடுத்து எழுதச் சொன்ன புது ஓபரா 1992-ல் அங்கே அரங்கேறியது. ரவிசங்கரோடு சேர்ந்து 1990-ல் ஒரு இசைத்தொகுப்பு, நிறைய சினிமா, மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள், சிறிதும் பெரிதுமாக இருபத்தைந்துக்கும் மேல் ஓபராக்கள். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பின்னாளின் சில சினிமா இசையில் அந்தக் கோக்கும் முறை ஒரு வாடிக்கையான அலங்காரமாக மெலிந்துவிட்டது. எழுபதுகளின் அந்தப் பிடிவாதமான கணக்கு அதில் கேட்பதில்லை.

அன்றைக்குக் காலையில் சித்தப்பா டீ டம்ளரை வைத்துவிட்டு, இன்னும் உறை போடாத ஆர்மோனியத்தை இழுத்தார். மூணு கட்டையை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திக் காட்டினார். கறுப்பு ஒன்றுகூட வேண்டாம், தோடியின் எட்டு ஸ்வரமும் வந்துவிடும். "ஸ்வரத்த அசைக்கிற கமகம் இல்லாம இது தோடியில்லப்பா. தோடியோட எலும்பு" என்றார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவை துருத்தியை ரொம்ப மெதுவாகப் பிடித்தார். எதுவும் சொல்லவில்லை. ஆறேழு தடவை போனபின், "எலும்புன்னாலும் நல்லா நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

ஆனியில் மண்டபம் பக்கம் ஒரு ஊரில் நாடகம். ராஜபார்ட் வந்த பஸ் பரமக்குடி தாண்டியதும் பஞ்சர். மேக்கப்புக்கே ஆள் வந்து சேரவில்லை, ஜனம் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாகிவிட்டது. பெட்டி வாசித்துக்கொண்டிருங்கள் என்று விழாக் கமிட்டிக்காரர் கேட்டுக்கொண்டார். சித்தப்பா வழக்கமான சினிமாப் பாட்டு எதையும் எடுக்கவில்லை. மூணு கட்டையில் ஆரம்பித்து வெள்ளைக் கட்டைகளில் ஏறினார். மறுபடி ஏறினார். மிருதங்கக்காரர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த ஏற்றத்தில் 'தகிட தகிட தக' என்று விரலால் சேர்ந்துகொண்டார். நான் பாயில் உட்கார்ந்து எண்ணினேன். பதினெட்டு வரை போனது. அதற்குள் பபூன் சலங்கையைக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார்.